கழுத்தை முறிக்க வேண்டாம், பழக்குவோம்

சுகாதாரப் பாடம்



"கழுத்து புடிச்சிக்கிச்சு, திரும்ப ஏலல" என்ற பேச்சு நமது லயங்களில் புதிதல்ல. காலையில் பிரட்டுக்குப் போகும்போதே ஒரு கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கொழுந்துக் கூடை, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம் என்று எல்லாப் பாரமும் கடைசியில் கழுத்தில்தான் வந்து நிற்கிறது. இந்த வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சை பற்றியும், நாமே வீட்டில் செய்யக்கூடியவை பற்றியும், எதைச் செய்யவே கூடாது என்பது பற்றியும் இந்தப் பாடத்தில் படிப்போம்.

இந்தப் பாடம் வன்னியில் உள்ள நமது சொந்தக்காரர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களாலும், 1970களின் பஞ்ச காலத்திலும், மலையகத்தை விட்டுப் போன குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறின. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இன்றும் நமது ஆட்கள் வாழ்கிறார்கள். அங்கே தேயிலை இல்லை. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து கச்சான் ஆய்கிறார்கள், களை பிடுங்குகிறார்கள், ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காருகிறார்கள். 2009க்குப் பிறகு முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் பெண்கள் பலர் போனார்கள். முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடிக் கவசம் மாட்டி, முழங்காலில் இருந்து நிலத்தைப் பார்த்தபடியே செய்யும் வேலை அது. இப்படி வேலை பலவாக இருந்தாலும் கழுத்துக்கு வரும் தொல்லை ஒன்றுதான்.

1. கழுத்து எப்படி அமைந்திருக்கிறது?

கழுத்தில் 7 எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மேலே உள்ள இரண்டைத் தவிர மற்ற எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. எலும்புகளின் பின்பக்கம் இரு புறமும் சிறு மூட்டுகள் இருக்கின்றன. நடுவே உள்ள குழாய் வழியாக மூளையில் இருந்து உடம்புக்குப் போகும் பெரிய நரம்புத் தண்டு இறங்குகிறது. கைகளுக்குப் போகும் நரம்புகள் கழுத்தில் இருந்துதான் கிளம்புகின்றன. அதனால்தான் சிலருக்குக் கழுத்தில் உள்ள கோளாறு விரல் நுனியில் விறைப்பாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் இரண்டு குழாய்கள் இந்தக் கழுத்து எலும்புகளில் உள்ள சிறு துவாரங்களின் ஊடாகவே மேலே ஏறுகின்றன. இந்த விஷயம் பின்னால் முக்கியமாக வரும்.

2. தலை முன்னே நீண்டால் என்ன ஆகும்?

வளர்ந்த ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ. தலை தோளுக்கு நேர் மேலே இருந்தால் எலும்பு அடுக்கே பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். தலை முன்னே சரிந்தால் அது விழுந்துவிடாமல் பிடரித் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதையும், அதே வாளியைக் கையை நீட்டிப் பிடிப்பதையும் நினைத்துப் பாருங்கள். வாளி அதேதான், பாரம்தான் கூடுகிறது.

நியூயோர்க்கைச் சேர்ந்த முதுகெலும்புச் சத்திர சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014 இல் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டார். அவர் கணக்கின்படி தலையை 15 பாகை குனிந்தால் கழுத்தில் ஏறும் பாரம் சுமார் 12 கிலோ. 30 பாகையில் 18 கிலோ. 60 பாகையில் 27 கிலோ. இது ஆட்களில் அளந்தது அல்ல, கணக்கில் கண்டது. ஆனாலும் கச்சான் ஆயும்போதும் கைத்தொலைபேசியைப் பார்க்கும்போதும் கழுத்து எவ்வளவு உழைக்கிறது என்று விளங்கிக்கொள்ள உதவும்.

கொழுந்துக் கூடையின் விஷயம் கொஞ்சம் வேறு. கூடைக் கயிறு தலையில் மாட்டப்பட்டிருப்பதால் கூடை தலையைப் பின்னோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பை எதிர்க்க நாம் நாடியை முன்னே தள்ளி, உடம்பையும் முன்னே சாய்க்கிறோம். கொழுந்து சேரச் சேர இந்தத் தள்ளலும் கூடுகிறது. வருடக்கணக்கில் இப்படிச் செய்த பிறகு, கூடையை இறக்கி வைத்த நேரத்திலும் தலை முன்னே நீண்டபடியே நிற்கப் பழகிவிடுகிறது.

அதற்காக, தலை முன்னே நீண்ட எல்லோருக்கும் வலி வரும் என்று நினைக்க வேண்டாம். நேராக நிற்பவர்களுக்கும் வலி வருவதுண்டு. ஒரே நிலையில் வெகு நேரம் இருப்பது, பாரம், தூக்கமின்மை, மனக்கவலை எல்லாமே வலியைக் கூட்டும். "சரியான நிலை" என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்காருவதை விட, அடிக்கடி நிலையை மாற்றுவதே நல்லது.

3. "எலும்பு தேஞ்சு போச்சு" என்றால் பயப்பட வேண்டுமா?

படம் எடுத்துப் பார்த்துவிட்டு "தேய்மானம்" என்று சொன்னதும் பலர் மனம் உடைந்து போகிறார்கள். இனி வேலை செய்யவே ஏலாது என்று நினைத்துவிடுகிறார்கள். ஜப்பானில் கழுத்துக் கோளாறு எதுவும் இல்லாத 1,211 பேருக்குக் காந்தப் படம், அதாவது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2015 இல் முடிவை வெளியிட்டார்கள். 100 பேரில் 87 பேருக்கு மேல் வட்டு பிதுங்கி இருந்தது. அவர்களுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. தலைமுடி நரைப்பது போல வயதோடு வரும் மாற்றங்கள் இவை. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. கையால் செய்யும் சிகிச்சை என்றால் என்ன?

பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இயன் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இயன் மருத்துவர் முதலில் கேள்வி கேட்பார். வலி எப்போது தொடங்கியது, கைக்கு இறங்குகிறதா, இரவில் கூடுகிறதா, என்ன வேலை செய்கிறீர்கள் என்று விசாரிப்பார். பிறகு கழுத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப முடிகிறது என்று பார்ப்பார். கையின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதிப்பார். இதெல்லாம் முடிந்த பிறகே கழுத்தில் கை வைப்பார்.

சிகிச்சை மூன்று விதமாக இருக்கலாம்.

தசையை அமர்த்துதல்: இறுகிப் போன தசைகளை மெதுவாக அழுத்தி, இழுத்து, இளக வைப்பது.

மூட்டை அசைத்தல்: இறுகிய மூட்டின் மேல் பெருவிரலை வைத்து, ஊஞ்சல் ஆட்டுவது போல சிறிதாகத் திரும்பத் திரும்ப அசைப்பது. அவுஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெயிட்லண்ட் (1924–2010) இந்த அசைவுகளைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். வலி கூடுதலாக உள்ளவருக்கு மிகச் சிறிய அசைவு. வலி குறைந்து இறுக்கம் மட்டும் உள்ளவருக்குக் கொஞ்சம் பெரிய அசைவு.

வேகமாக ஒரு தட்டுத் தட்டுதல்: "டக்" என்ற சத்தம் வருவது இதில்தான். இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் நன்றாகச் சோதித்த பிறகு, சிலருக்கு மட்டும் செய்வார்கள். எல்லோருக்கும் இது தேவையில்லை.

இவை எலும்பை "இடத்தில் உட்கார வைப்பது" அல்ல. கழுத்து எலும்பு அவ்வளவு இலேசில் இடம் மாறுவதில்லை. மெதுவான அசைவினால் வலி உணர்வு தணிகிறது. பயந்து இறுகிய தசை விடுகிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்தி நாம் கழுத்தை அசைத்துப் பழக வேண்டும்.

5. பலன் உண்டா?

உண்டு. நெதர்லாந்தில் கழுத்து வலி உள்ள 183 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்து, 2002 இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழாவது வாரத்தில் கையால் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 68 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். பயிற்சியை முக்கியமாகக் கொண்ட இயன் மருத்துவம் பெற்றவர்களில் 51 பேர். மருந்தும் ஆலோசனையும் மட்டும் பெற்றவர்களில் 36 பேர். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இந்த வித்தியாசம் மிகவும் குறைந்துவிட்டது. அதாவது, கைச்சிகிச்சை சீக்கிரம் சுகம் தருகிறது. அந்தச் சுகத்தைக் காப்பாற்றுவது நமது வேலை.

அடுத்தது நமக்கு இன்னும் நல்ல செய்தி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 272 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012 இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குக் கழுத்தைத் தட்டும் சிகிச்சை, ஒரு பிரிவினருக்கு மருந்து, ஒரு பிரிவினருக்கு வீட்டுப் பயிற்சி. பயிற்சிப் பிரிவினருக்கு இரண்டே தடவை, ஒவ்வொரு மணித்தியாலம் சொல்லிக் கொடுத்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், வீட்டில் பயிற்சி செய்தவர்கள் கைச்சிகிச்சை பெற்றவர்களைப் போலவே தேறியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழக்க வேண்டிய நமக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

6. ஓர் உரையாடல்

கிளிநொச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தோட்டத்தில் இருந்து தங்கச்சி போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

தங்கச்சி: என்னக்கா, கழுத்த ஒரு பக்கமாவே வச்சிருக்கீங்க?

அக்கா: ரெண்டு நாளா இப்பிடித்தான். நாலு நாள் தொடர்ந்து கச்சான் ஆய்ஞ்சோம். காலையில எழும்பினா திருப்ப ஏலாமக் கிடக்கு.

தங்கச்சி: மச்சான் சலூனுக்குப் போனா கழுத்த முறிச்சிக்கிட்டுத்தானே வருவாரு. அவரையே ஒரு முறி முறிச்சி விடச் சொல்லுங்களேன்.

அக்கா: ஐயோ, அந்தச் சத்தத்தக் கேட்டாலே எனக்குப் பயம். ஆனா அவரு சொல்றாரு, சத்தம் வந்தா சுளுக்கு போயிருச்சாம்.

அக்கா பயந்தது சரி. அந்தச் சத்தம் சுளுக்கு போன சத்தம் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் நீரில் காற்றுக் குமிழி உண்டாகும்போது வரும் சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் இலேசாக இருக்கும், பிறகு வலி பழையபடி வரலாம். ஆனால் தலையைப் பிடித்துத் திடீரென்று திருப்பும்போது, முன்பு நாம் படித்த அந்த இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிய இடமுண்டு. அங்கே இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும். இது எப்போதாவது ஒருவருக்குத்தான் நடக்கும். நடந்தால் அந்தக் குடும்பத்தின் உழைப்பே நின்றுவிடும். ஆகவே சலூனிலோ வீட்டிலோ யாரும் யாருடைய கழுத்தையும் முறிக்க வேண்டாம். பிள்ளைகளின் தலையைப் பிடித்துத் தூக்கி விளையாடவும் வேண்டாம்.

ஆச்சி எண்ணெய் போட்டு மெதுவாக உருவி விடுவதில் தவறில்லை. மேலிருந்து தோள் வரை இதமாகத் தடவலாம். உப்பு ஒத்தடமும் சுடுநீர் ஒத்தடமும் நல்லது. சூட்டை முதலில் கையில் வைத்துப் பாருங்கள். கழுத்தின் முன்பக்கத்தை அழுத்த வேண்டாம்.

7. உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் கவனிக்க

2009 வரை நடந்த யுத்தத்தில் காயப்பட்டு, இன்னமும் உடம்புக்குள் ஷெல் துண்டையோ சன்னத்தையோ சுமந்து வாழ்பவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். வெளியே சிறு தழும்பு மட்டும் தெரியும். நாளாகிவிட்டதால் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அல்லது சொல்ல விரும்புவதில்லை.

கழுத்து, தலை, தோள், முதுகு ஆகிய இடங்களில் அப்படி ஏதும் இருந்தால், யாரும் கழுத்தில் கை வைப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இருக்கும் துண்டை அழுத்துவதும் அசைப்பதும் ஆபத்து. காந்தப் படம் எடுக்கச் சொன்னாலும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். சில வகை இரும்புத் துண்டுகள் உள்ளேயே நகரலாம், சூடேறலாம். முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். எப்படிக் காயப்பட்டீர்கள் என்ற கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இந்த இடத்தில் உள்ளே இரும்பு இருக்கு" என்று சொன்னால் போதும்.

8. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் தேய்க்க வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்.

- மரத்தில் இருந்தோ மலைச் சரிவிலோ விழுந்த பின், அல்லது வாகன விபத்தின் பின் வந்த கழுத்து வலி
- காய்ச்சல், வாந்தி, கடுமையான தலைவலியோடு கழுத்து விறைத்துப் போதல், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு
- கை கால் பலம் குறைதல், நடை தடுமாறுதல், பட்டன் போட ஏலாமை, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமை
- தலைசுற்று, பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறுதல், முகம் ஒரு பக்கம் கோணுதல்
- நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு கழுத்துக்கும் இடது கைக்கும் பரவும் வலி. இது மாரடைப்பாக இருக்கலாம்
- உடம்பு மெலிதல், இரவில் ஓயாத வலி. புற்றுநோய், காசநோய், மூட்டு வாதம் உள்ளவர்களும் முதலில் டொக்டரிடம் காட்ட வேண்டும்

அவசரம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். விழுந்தவரின் கழுத்தை அசைக்காமல், அம்புலன்ஸ் வரும் வரை அப்படியே படுக்க வையுங்கள்.

9. வீட்டுப் பயிற்சிகள்

மேலே சொன்ன அடையாளங்கள் இல்லாதவர்கள் இவற்றைச் செய்யலாம். இலேசான இழுவை இருக்கலாம். வலி கையை நோக்கி இறங்கினால் நிறுத்துங்கள். கையில் இருந்த வலி கழுத்தை நோக்கி ஏறிச் சுருங்கினால் அது நல்ல அடையாளம். இதைக் கவனித்துச் சொன்னவர் நியூசிலாந்து இயன் மருத்துவர் ரொபின் மக்கென்சி (1931–2013). நோயாளி தன்னைத் தானே சுகப்படுத்தப் பழக வேண்டும் என்பது அவருடைய வழி. கீழே முதலாவதாக உள்ள பயிற்சியைப் பிரபலமாக்கியவரும் அவரே.

நாடியைப் பின் இழுத்தல்: ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருங்கள். நேரே பாருங்கள். மேலே கீழே பார்க்காமல், லாச்சியைத் தள்ளி மூடுவது போல நாடியை நேராகப் பின்னே இழுங்கள். மூன்று எண்ணும் வரை வைத்து விடுங்கள். 10 தடவை. பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை.

தோள்பட்டையைச் சேர்த்தல்: இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் ஒன்றோடொன்று தொட வைப்பது போல இழுத்து, ஐந்து எண்ணும் வரை வைத்திருங்கள். 10 தடவை.

மெதுவாகத் திருப்புதல்: முடிந்த அளவு வலது பக்கம் பாருங்கள், பிறகு இடது பக்கம். ஒவ்வொரு பக்கமும் 5 தடவை. கழுத்தை வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

கையை எதிர்த்துத் தள்ளுதல்: உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் மெதுவாகத் தள்ளுங்கள். ஐந்து எண்ணுங்கள். பின் தலைக்கும் இரு பக்கத்துக்கும் அப்படியே. ஒவ்வொன்றும் 5 தடவை.

நாலு நாளில் விட்டுவிட வேண்டாம். ஆறு வாரமாவது செய்து பாருங்கள். பிடித்த கழுத்தை அசைக்காமல் படுத்தே கிடப்பதும், கழுத்துப் பட்டியை வாரக்கணக்கில் மாட்டுவதும் தசையை இன்னும் பலவீனப்படுத்தும்.

10. வேலை செய்யும் இடத்தில்

கூடைக் கயிறு தலையில் படும் இடத்தில் மடித்த துணியை அகலமாக வையுங்கள். கூடை நிறையும் வரை காத்திராமல் இடையிலேயே சாக்கில் கொட்டுங்கள். கூடையை இறக்கி வைக்கும் ஒவ்வொரு தடவையும் நாடியை ஐந்து முறை பின் இழுத்து விடுங்கள். நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரமும் இதற்குப் போதும்.

கச்சான் ஆய்பவர்கள் செடிக் குவியலை நிலத்தில் வைக்காமல், ஒரு பலகை அல்லது பெட்டியின் மேல் உயர்த்தி வைத்தால் குனிவது குறையும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழும்பி நடவுங்கள். விறகைப் பெரிய கட்டாக ஒரே தடவையில் கொண்டு வராமல் இரண்டாகப் பிரியுங்கள். தண்ணீரை ஒரே இடுப்பில் சுமக்காமல் பக்கம் மாற்றுங்கள்.

பிள்ளைகள் போனைப் பார்க்கும்போது தலையைக் குனியாமல் போனை உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டு விறகும் தண்ணீரும் பெண்களின் கழுத்துக்கு மட்டும் உரியது அல்ல. மலையில் நாள் முழுக்கக் கூடை சுமந்து வந்தவருக்கு, நாம் தூக்கும் ஒரு குடம் தண்ணீரே நல்ல வைத்தியம்.

இரண்டு வாரமாகியும் குறையவில்லை என்றால் தோட்ட ஆஸ்பத்திரியில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நுவரெலியா, பதுளை, வவுனியா, கிளிநொச்சி போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சை இலவசம். "எனக்கு வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித் தாங்க" என்று நீங்களே கேளுங்கள்.

குடும்பமாகப் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் யார் அதிக பாரம் தூக்குகிறார்கள்? அதை எப்படிப் பங்கு போடலாம்?

2. கழுத்தை முறிப்பதில் உள்ள ஆபத்து என்ன?

3. ஷெல் துண்டு உள்ளவர் ஆஸ்பத்திரியில் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

4. நாடியைப் பின் இழுக்கும் பயிற்சியை வீட்டில் உள்ள எல்லோரும் ஒருவர் முன் ஒருவர் செய்து காட்டுங்கள்.

வன்னியில் உள்ள உறவுகளோடு அடுத்த முறை போனில் பேசும்போது இந்தப் பாடத்தைச் சொல்லுங்கள். முக்கியமாக ஏழாவது பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.